ஃபாஸ்ட் லென்ஸ்: பெருந்திறப்பு வில்லை

ஒளி நுழையும் திறப்பு பெரிதாக உள்ள லென்ஸுக்கு ஃபாஸ்ட் லென்ஸ் என்று பெயர். திறப்பின் அளவைச் சொல்லும் எஃப் எண் (எண் சிறிதானால் திறப்பு பெரிது) 2.8 அல்லது அதற்கும் கீழே இருந்தால் இப்படிச் சொல்வது வழக்கம். கோவைக் கடையில் "ஃபாஸ்ட் லென்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்பவர், ஆட்டோஃபோகஸ் சட்டென்று பிடிக்கும் லென்ஸை மனதில் வைத்துக் கேட்டால் ஏமாந்துபோவார். ஃபோகஸ் மோட்டாருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பே இல்லை.

பெயரில் உள்ள வேகம் தகட்டுப் புகைப்படக் காலத்தது. 1839இல் பிரான்ஸின் டாகேர் கண்டுபிடித்த தகட்டு முறை வெளியானபோது உருவம் தகட்டில் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. ஆளை அசையாமல் உட்காரவைப்பதே பெரும்பாடு. 1840இல் கணித அறிஞர் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்கிட்டு, ஃபோய்க்லெண்டர் என்ற தயாரிப்பாளர் செய்த லென்ஸின் திறப்பு எஃப்/3.6 அளவுக்கு இருந்தது. ஒளி கூடியது, பதியும் நேரம் குறைந்தது. சீக்கிரம் பதியவைக்கிற லென்ஸ் என்பதால் 'வேகமானது'.

வீடியோவுக்கு வந்தால் இந்த விளக்கமே பொருந்துவதில்லை. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டரை 1/50 நொடியில் நிறுத்திவிடுகிறோம். திறப்பு எவ்வளவு பெரிதானாலும் ஷட்டர் நேரத்தைத் தொடுவதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போதும் 1/50தான் கைகொடுக்கும். 1/60 வைத்தால் படத்தில் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடும். ஆக, காசு கொடுத்து வாங்குவது வேகத்தை அல்ல. வெளிச்சத்தையும் பின்னணி மங்கலையும்.

அதனால் 'வேக வில்லை' என்ற நேர் மொழிபெயர்ப்பு வேண்டாம். 'அகலத் திறப்பு வில்லை' என்றால் அகலக்கோண லென்ஸோடு குழம்பும். 'பெருந்திறப்பு வில்லை' பொருந்துகிறது. லென்ஸ் என்பதே லத்தீனில் மைசூர் பருப்பின் பெயர். உடைக்காத முழுப் பயறு இருபுறமும் குவிந்திருக்குமே, அந்த வடிவம். தமிழில் கற்பூர வில்லை, மருந்து வில்லை என்று ஏற்கெனவே இருக்கும் சொல் அதற்குச் சரியாக அமைகிறது.

எஃப் எண் என்பது குவியத் தொலைவைத் திறப்பின் விட்டத்தால் வகுத்த ஈவு. 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸில் திறப்பு 28 மி.மீ. அளவு, கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 50இல் வைத்தால் எஃப்/5.6, அதாவது 9 மி.மீ. மட்டும். வெளிச்ச வித்தியாசம் ஏறக்குறைய பத்து மடங்கு. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 6400 கேட்ட மண்டபத்தில் 640 போதும்.

குறைந்த விலையில் முதலில் பார்க்க வேண்டியது இந்த 50 எஃப்/1.8தான். கேனானில் 2015இல் வந்த எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) வகையில், திறப்பைச் சுருக்கி விரிக்கும் இதழ்கள் ஏழு. அதற்கு முந்தைய இரண்டாம் பதிப்பில் ஐந்து. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஓலை இடுக்கு வெளிச்சம் பின்னணியில் வட்டமாக விழும். திறப்பை எஃப்/4க்குக் குறைத்தால் பழைய பதிப்பில் அது ஐங்கோணமாகிவிடும். ஏபிஎஸ்-சி கேமராவில் (சென்சார் ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) 50 என்பது 75 முதல் 80 மி.மீ. போல் நெருக்கிக் காட்டும். வீட்டுக்குள் எடுப்பதானால் 35தான் வசதி.

கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையும் உடன்பிறந்தவளும் சேர்ந்து செய்யும் இணைச்சீரை எடுக்கும்போது எஃப்/1.8 ஆசை வேண்டாம். ஏபிஎஸ்-சியில் 2 மீட்டர் தொலைவில் தெளிவாக இருக்கும் ஆழம் 11 செ.மீ. அளவுதான்; மாப்பிள்ளை தெளிவாக இருந்தால் தங்கச்சி மங்கிப்போவார். எஃப்/4 வைத்தால் 24 செ.மீ. கிடைக்கும்.

கையால் ஃபோகஸ் இழுப்பவருக்கு எஸ்டிஎம் வளையம் பிடிக்காது. அது மின்வழி இயங்குவது, தூரக் குறியும் இல்லை. ஹீலியோஸ் 44-2 போன்ற பழைய எம்42 (திருகிப் பொருத்தும் மவுண்ட்) லென்ஸ்களில் வளையம் நீளமாகச் சுழலும், குறிகளும் உண்டு. பழையதை வாங்கும்போது பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போல் தெரியும். கேனான் டிஎஸ்எல்ஆரில் சாதாரண அடாப்டர் போதும். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையிலான தொலைவு 46.5 மி.மீ.; எம்42வுக்கு 45.46 மி.மீ.தான். உள்ளே கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் தொலைவில் தெரியும் வெள்ளியங்கிரி மலை எவ்வளவு திருகினாலும் ஃபோகஸுக்கு வராது.

பட்ஜெட்டில் என்டி ஃபில்டருக்கும் (லென்ஸ் முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) இடம் வையுங்கள். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்றால் எஃப்/22 வரை போக வேண்டியிருக்கும். எஃப்/2.8இல் எடுக்க ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்புக்கு ஒளி பாதியாகும்) குறைக்க வேண்டும், அதாவது என்டி64 தேவை. 2 முதல் 5 ஸ்டாப் வரை மாறும் மலிவு ஃபில்டரை அதன் எல்லையைத் தாண்டித் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல் கறுப்பு விழும்.