பில் கேட்டா சந்தேகப்படுறதா அர்த்தமா?

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் சேகரம் சேகரமா (ஒரு குருவானவர் பொறுப்புல இருக்கிற சில சபைகள்) போய் கிறிஸ்தவக் கோயில் கணக்கு ஆடிட் பண்றது என் வேலை, 19 வருஷமா பண்றேன். இதுல நான் பார்த்த சண்டைகள்ல பாதிக்கு மேல திருட்டுனால வந்ததே இல்லங்க. ஒருத்தர் பில் கேட்டிருப்பாரு, இன்னொருத்தர் அதை மனசுல போட்டுக்கிட்டிருப்பாரு.

ஒரு ஊர்ல அசனம், அதாவது கோயில் விருந்து. கூட்டம் அதிகமா வரும்னு முந்தின நாள் ராத்திரிதான் தெரிஞ்சது, ஐயர் (குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அரிசிக் கடைக்கு போன் போட்டு இன்னும் 9 மூட்டை இறக்கச் சொல்லிட்டாரு, பொருளாளர் அண்ணாச்சிகிட்ட சொல்ல மறந்துட்டாரு, அந்தப் பரபரப்புல யாருக்கும் மறக்கும். திங்கட்கிழமை கடைப்பையன் வந்து 13,500 ரொக்கமா கேக்குறான். கமிட்டி ஆளுங்க அஞ்சாறு பேர் நிக்கிறப்பவே அண்ணாச்சி, "பில் இல்லாம முடியாது ஐயா, ரொக்கமா முடியவே முடியாது"ன்னுட்டாரு.

அண்ணாச்சி சொன்னது சரி. வரிவிலக்கு வாங்குற அறக்கட்டளை ஒரே நாள்ல ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா அதை செலவா ஏத்துக்க மாட்டாங்க, 2018 பட்ஜெட்ல வந்த விதி. ஆனா ஐயர் காதுல விழுந்தது "நீ காசை அமுக்கிட்ட"ங்கிறது. தன் போன்ல இருந்தே ஜிபே பண்ணிட்டு வீட்டுக்குள்ள போயிட்டாரு.

அதுக்கப்புறம் எட்டு மாசம் பேச்சுவார்த்தை இல்ல. வவுச்சர்ல கையெழுத்து வேணும்னா கோயில்ல எடுபிடி வேலை பாக்குற குட்டியார்தான் ரெண்டு வீட்டுக்கும் நடப்பாரு, பாவம் அந்த மனுஷன். வேற குருவானவர் வந்து அப்பம் குடுக்கிற ஞாயிறு மட்டும்தான் அண்ணாச்சி நற்கருணைக்கு எந்திரிப்பாருன்னு கேட்டப்போ எனக்கு நெஞ்சு கனத்துப்போச்சு.

ஐயர் சில வருஷத்துல மாற்றலாகிப் போயிருவாரு, கமிட்டி அதே ஊர்க்காரங்க, அப்பா தாத்தா காலத்துல இருந்து அந்தக் கோயில்ல இருக்கிறவங்க. ஒருத்தருக்கு அதிகாரம் உண்டு, ஊர் கிடையாது, இன்னொருத்தருக்கு நேர்மாறு, அதனால சின்ன வார்த்தை கூட பெருசாத் தைக்குது. இதுக்கு நடுவுல சபை ஊழியர் சொற்ப சம்பளத்துல ரெண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கணும்.

நான் எல்லா சேகரத்துலயும் கெஞ்சிக் கேக்குறது இதுதான். காணிக்கைய ஒரே குடும்பத்து ஆளா இல்லாத ரெண்டு பேர் எண்ணி, கோயிலை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுருங்க. பண்டிகைக்கு முன்னாடி, அவசரத்துக்கு ஐயர் எவ்வளவு வரை ஆர்டர் குடுக்கலாம்னு மினிட்ஸ்ல எழுதிருங்க. கணக்குல கேள்வி இருந்தா தனியா கூப்பிட்டுக் கேளுங்க, நாலு பேர் முன்னாடி வேண்டவே வேண்டாம். விசுவாசத்துல குறைஞ்சதுனால எழுதி வைக்கல, பைபிள்ல பவுலே காணிக்கைய தீத்துங்கிற தன் உடன் ஊழியர் கூட இன்னும் ரெண்டு சகோதரரைச் சேர்த்துத்தான் அனுப்புறாரு, யாரும் குத்தம் சொல்லிறக் கூடாதுன்னு, ரெண்டாம் கொரிந்தியர் 8-ல இருக்கு.

அந்த ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உட்கார வச்சு விதியை வாசிச்சுக் காட்டினேன். ஐயர் கொஞ்ச நேரம் பேசல. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி."

"நீங்க நின்னாத்தானே ஐயா சொல்றதுக்கு."

அப்புறம் ரெண்டு பேரும் ஒரே பைக்ல அரிசிக் கடைக்குப் போய் அன்னைக்குப் போட்ட பில்லுக்கு காப்பி வாங்கிட்டு வந்தாங்க. 13,500 ஐயர் பேங்க் கணக்குக்குப் போச்சு.