அனுபவத்தைப் பேட்டி எடுப்பது எப்படி?

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பீட்டர் ஜோஹான்சனும் லார்ஸ் ஹாலும் 2005இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பெண்களின் புகைப்படங்களைக் காட்டி, எந்த முகம் பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள். பிறகு அந்தப் படத்தைக் கையில் கொடுத்து, ஏன் பிடித்தது என்பார்கள். சில முறை மட்டும், மேஜிக் செய்பவரைப்போல் சீட்டை மாற்றி, வேண்டாம் என்று ஒதுக்கிய படத்தையே கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் கம்மல் பிடித்தது என்றார். அவர் முதலில் தேர்ந்தெடுத்த பெண் கம்மலே போட்டிருக்கவில்லை!

அப்படியானால் மனிதர் தன் மனதைப் பற்றிச் சொல்வதை நம்பவே கூடாதா? பிரான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர் க்ளேர் பெத்திமாஞ்ஜான் இதை அப்படியே ஏற்கவில்லை. அவருடைய குழு இதேபோன்ற சோதனையை நடத்தி 2013இல் முடிவுகளை வெளியிட்டது. பேட்டி இல்லாதபோது 33 சதவீதம் படமாற்றங்களே பிடிபட்டன. தேர்ந்தெடுத்த தருணத்தைப் பற்றி முறையாகப் பேட்டி எடுத்தபோது 80 சதவீதம் பிடிபட்டன. என்னைப் பொறுத்தவரை, இந்தத் துறையில் இதைவிடத் தெம்பூட்டும் முடிவு வேறில்லை.

பிரெஞ்சு உளவியலாளர் பியேர் வெர்மெர்ஷ் உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது இந்தப் பேட்டி. நுண் நிகழ்வியல் பேட்டி என்று சொல்லலாம். இதில் 'ஏன்' என்ற கேள்விக்கு இடமில்லை. ஏன் என்று கேட்டதுமே நாம் நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடுகிறோம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு தருணத்துக்கு ஆளைத் திரும்ப அழைத்துப் போகிறார்கள். எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? வெளிச்சம் எப்படி இருந்தது? கண் முதலில் எங்கே போனது? அப்போது உடம்பில் என்ன உணர்ந்தீர்கள்? பதில் சொல்பவரின் பார்வை எதிரில் இருப்பவரை விட்டு விலகும், பேச்சு மெதுவாகும், 'பார்த்தேன்' என்றவர் 'பார்க்கிறேன்' என்பார். அந்த நினைவுக்குள் அவர் போய்விட்டார் என்பதற்கு இவைதான் அடையாளம். 'பயமாக இருந்ததா?' என்று கேட்டால் பயத்தை நாமே ஊட்டியதாகிவிடும். 'என்ன இருந்தது?' என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சொல்ல எளிது, பேட்டி எடுப்பவருக்கு நீண்ட பயிற்சி தேவை.

பொதுவான கருத்துகளை ஒதுக்கிவிட்டு அனுபவத்தையே பார்ப்பது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்மண்ட் ஹூசெர்ல் தத்துவத்தில் தொடங்கிவைத்த வேலை. அதற்குத்தான் நிகழ்வியல் என்று பெயர். அதை மூளை அறிவியலோடு இணைக்கும் திட்டத்தை 1996இல் முன்வைத்தவர் சிலி நாட்டு உயிரியலாளர் ஃபிரான்சிஸ்கோ வரேலா. அந்த வழியில் பெத்திமாஞ்ஜான் வலிப்பு நோயாளிகளைப் பேட்டி கண்டார். வலிப்பு முன்னறிவிப்பின்றி வருவதாக நினைத்திருந்த சிலர், அதற்கு முன் தங்களிடம் ஏற்படும் மெல்லிய மாற்றங்களை அடையாளம் காணக் கற்றுக்கொண்டார்கள்.

பலருடைய விவரிப்புகளை எழுத்தாக்கி, எது முதலில், எது அடுத்து, எவை சேர்ந்தே வந்தன என்று பிரித்து ஒப்பிட்டால் பொதுவான அமைப்பு தெரியவரும். சில நொடி அனுபவத்துக்கே ஒரு மணி நேரப் பேட்டி தேவைப்படும் என்பதால், ஆயிரம் பேரிடம் இதைச் செய்வது இப்போதைக்கு நடக்கிற காரியமல்ல.