சேற்றில் கற்றது சாலையில் கைகொடுப்பது எப்படி? மத்தியூ வான் டெர் பூலின் சைக்கிள் அறிவியல்

பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் கோப்பன்பெர்க் என்றொரு ஏற்றம் இருக்கிறது. நீளம் வெறும் 600 மீட்டர்தான். ஆனால் கல் பாவிய குறுகலான பாதை அது. மிகச் செங்குத்தான இடத்தில் சாய்வு 22 சதவீதம். 2024 மார்ச் 31 அன்று ஃப்ளாண்டர்ஸ் சுற்றுப் பந்தயம் அந்த வழியாக வந்தபோது மழையில் கற்கள் நனைந்து, மண் படிந்து கிடந்தன. உலகின் தலைசிறந்த தொழில்முறை வீரர்கள் பலர் அங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். காலில் வலு இல்லாமல் இல்லை. பின் சக்கரம் கல்லைப் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுழன்றது, அவ்வளவுதான்.

முன்னால் போன நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் பூல் மிதித்தே மேலே போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டரைத் தனியாக ஓட்டி, ஔடனார்டேயில் மூன்றாவது முறையாக அந்தப் பந்தயத்தை வென்றார்.

அவர் ஏன் இறங்கவில்லை? "திறமைசாலி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்தத் திறமை எதனால் ஆனது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்க முடியும். கணக்கு நம்மை நேராக அவருடைய இன்னொரு வாழ்க்கைக்கு, குளிர்காலச் சேற்றில் நடக்கும் சைக்ளோகிராஸுக்குக் கொண்டுபோய் விடும்.

வீரரின் எடை 75 கிலோ, சைக்கிள் 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 22 சதவீதச் சாய்வில் இந்த 83 கிலோவைக் கீழே இழுக்கும் விசை சுமார் 175 நியூட்டன். அதை எதிர்த்துத் தள்ளும் வேலை முழுக்கப் பின் சக்கரத்துடையது. பின் சக்கரம் எவ்வளவு தள்ள முடியும் என்பதோ, அதன் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது, கல்லுக்கும் ரப்பருக்கும் இடையே உராய்வு எவ்வளவு என்ற இரண்டையும் பொறுத்தது. வீரர் இருக்கையில் உட்கார்ந்திருந்தால், இந்தச் சாய்வில் மொத்த எடையில் முக்கால் பங்கு பின் சக்கரத்தில் இறங்கும். அப்போது தேவைப்படும் உராய்வு எண் 0.29. அவரே எழுந்து நின்று கைப்பிடி மேல் சாய்ந்தால் பின் சக்கரத்தின் பங்கு பாதிக்கும் கீழே போகும். 45 சதவீதம் என்று கொண்டால் தேவைப்படும் எண் 0.49. காய்ந்த தார்ச்சாலையில் இரண்டுமே சாத்தியம், அங்கே உராய்வு எண் 0.8-க்குப் பக்கத்தில் இருக்கும். மண் படிந்த ஈரக்கல்லில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆக, உட்கார்ந்தவர் தப்பிக்கலாம், எழுந்தவர் வழுக்குவார்.

இத்தோடு முடியவில்லை. மேலே சொன்னது சராசரிக் கணக்கு. மிதிக்கும்போது விசை ஒரே சீராக வருவதில்லை. பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டு படுக்கையாக இருக்கும்போது விசை உச்சத்தைத் தொடுகிறது. சமதரையில் வேகமாகப் போகும்போது வண்டியின் உந்தம் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும். மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டரில் ஊர்ந்து ஏறும்போது உந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அந்த ஒரு கண உச்சம் எல்லையைத் தாண்டினால் போதும், சக்கரம் வழுக்கும். வழுக்க ஆரம்பித்த ரப்பரின் பிடிமானமோ நின்ற ரப்பருடையதைவிடக் குறைவு. வண்டி நின்றுவிடும், கால் தரைக்கு வந்துவிடும். அந்தச் சாய்வில் மறுபடி ஏறி மிதிப்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

சரி, அப்படியானால் எல்லோரும் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் போதாதா? போதாது. ரொம்பப் பின்னால் போனால் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும், திசை திருப்ப முடியாது. இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடம்தான் இருக்கிறது. கல்லுக்குக் கல் அது மாறிக்கொண்டே வரும். இதை யோசித்துச் செய்ய நேரமில்லை, உடம்பு தானாகச் செய்ய வேண்டும். வருடக்கணக்கில் வழுக்கிப் பழகிய உடம்புக்குத்தான் அது வரும்.

அந்தப் பழக்கம் கிடைக்கும் இடம் சைக்ளோகிராஸ். இலையுதிர்காலம் தொடங்கிக் குளிர்காலம் வரை, பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் வாராவாரம் நடக்கும் பந்தயம் இது. இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர் சுற்று. புல்வெளி, காட்டுப்பாதை, மணல், படிக்கட்டு, குறுக்கே 40 சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள பலகைத் தடைகள் எல்லாம் அதற்குள் வரும். ஆடவர் பந்தயம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சேறு அப்பிய சைக்கிளை வழியில் ஒதுக்கப்பட்ட இடத்தில் கொடுத்துவிட்டு, கழுவித் தயாராக இருக்கும் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம்.

வான் டெர் பூல் பிறந்ததே இதற்குள்தான். தந்தை அட்ரி வான் டெர் பூல் 1986-இல் ஃப்ளாண்டர்ஸ் சுற்றையும் 1988-இல் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜையும் வென்றவர். 1996-இல் சைக்ளோகிராஸ் உலக சாம்பியன். தாய்வழித் தாத்தா பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் வீரர் ரேமோன் பூலிதோர். பேரன் 2015-இல் தாபோர் நகரில், 20 வயதில், சைக்ளோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். 2025-இல் லியெவானில் ஏழாவது பட்டம் வென்று, எரிக் டி விளாமிங்கின் நெடுங்காலச் சாதனையைச் சமன் செய்தார். 2023-இல் சைக்ளோகிராஸ் பட்டத்தோடு, அதே ஆண்டிலேயே சாலைப் பந்தய உலக சாம்பியனும் ஆனார், கிளாஸ்கோவில்.

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மணல். 2021 உலகப் போட்டி ஒஸ்டெண்ட் கடற்கரையிலேயே நடந்தது. மணலில் ஏன் விழுகிறோம் என்பதைப் புரிந்துகொள்ள, சைக்கிள் ஏன் விழாமல் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சுழலும் சக்கரத்தின் கைரோ விளைவுதான், அதாவது சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றாத இயல்புதான், காரணம் என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். அது முழு விடை அல்ல. 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரென்ட் ஷ்வாப் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கைரோ விளைவை ரத்து செய்த ஒரு சைக்கிளைக் கட்டினார்கள். ஓட்ட ஆளே இல்லாமல் தள்ளிவிட்டாலும் அது தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது. முக்கியமானது இன்னொன்று: சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன் சக்கரம் திரும்ப வேண்டும். திரும்பினால் சக்கரங்கள் மறுபடி எடைக்கு அடியில் வந்து நிற்கும். நாம் நேராக ஓட்டுவதாக நினைக்கும்போதும் கைப்பிடி இடமும் வலமும் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டேதான் இருக்கிறது.

ஆழமான மணலில் இந்தத் திருத்தம் தடைப்படுகிறது. முன்னால் போனவர்கள் போட்ட தடத்துக்குள் சக்கரம் மாட்டிக்கொண்டால் அதைத் திருப்ப முடியாது. திருப்ப முடியாவிட்டால் சமநிலையும் கிடையாது. பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். தேர்ந்தவர்கள் வேகத்தோடு நுழைகிறார்கள், எடையைப் பின்னுக்குத் தள்ளி முன் சக்கரத்தை லேசாக்குகிறார்கள், கையைத் தளர்த்திச் சக்கரம் தானே தடத்தைத் தேட விடுகிறார்கள். சமநிலையைக் கைப்பிடியால் இல்லாமல் இடுப்பால் சரிசெய்கிறார்கள். மிதிப்பதை மட்டும் நிறுத்துவதில்லை, ஏனென்றால் மணலில் வேகம் ஒரு நொடியில் செத்துவிடும்.

டயரும் இதில் பங்காளி. சைக்ளோகிராஸ் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. அகலத்தைக் கூட்ட வழியில்லாததால் வீரர்கள் காற்றழுத்தத்தில் விளையாடுகிறார்கள். ஒரு சக்கரத்தின் மேல் 45 கிலோ இருக்கிறது என்று கொண்டால், சாலைப் பந்தயத்துக்குரிய 5 பார் அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 9 சதுர சென்டிமீட்டர். அதையே 1.3 பாருக்கு இறக்கினால் பரப்பு 34 சதுர சென்டிமீட்டர். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதோடு மெத்தென்ற டயர் வேரையும் கல்லையும் தழுவிக்கொள்ளும், துள்ளாது. ரொம்ப இறக்கினால் ரிம் தரையில் இடிக்கும், திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் மடங்கும். அதனால் பந்தயத்தன்று காலையில் சுற்றை ஓட்டிப் பார்த்து, அழுத்தத்தை மிக நுணுக்கமாகக் கூட்டிக் குறைப்பார்கள். பாரிஸ்–ரூபே போன்ற கல்பாதைப் பந்தயங்களிலும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் மாறும். 2024-இல் வான் டெர் பூல் வென்ற ரூபேயில் 29 பகுதிகளாக 55.7 கிலோமீட்டர் கல்பாதை இருந்தது. அவருடைய சராசரி வேகம் மணிக்கு 47.8 கிலோமீட்டர், அந்தப் பந்தயம் அதுவரை கண்டிராத வேகம். 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை அதை வென்றிருக்கிறார்.

இதுவரை சொன்னது பிடிமானத்தைப் பற்றி. அப்புறம் உடம்புக்குள் நடப்பது இருக்கிறது.

மனித உடம்பின் சக்தியை, மோட்டாரும் மாடித் தொட்டியும் சேர்ந்த ஒரு வீட்டுக் குழாய் அமைப்பாக உடலியலாளர்களின் கணக்கு பார்க்கிறது என்று சொல்லலாம். மோட்டார் என்பது ஆக்சிஜனைக் கொண்டு தசை நெடுநேரம் கொடுக்கக்கூடிய சக்தி. தொட்டி என்பது அதற்கு மேல் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கையிருப்பு. நன்கு பயிற்சி பெற்றவர்களுக்குப் பொதுவாக 15 முதல் 25 கிலோஜூல் வரை இருக்கும். மோட்டாரின் எல்லைக்கு மேல் மிதித்தால் தொட்டி வடியும். கீழே வந்தால் நிரம்பும். காலியானால் அவ்வளவுதான், எவ்வளவு மன உறுதி இருந்தாலும் எல்லைக்குக் கீழே வந்தே ஆக வேண்டும்.

2021-இல் இத்தாலியின் ஸ்திராதே பியாங்கே பந்தயத்தின் முடிவில், சியெனா நகரின் சாந்தா கத்தரீனா தெருவில் ஜூலியன் அலாஃபிலிப்பையும் எகான் பெர்னாலையும் வான் டெர் பூல் உதறிவிட்டுப் போனார். சாய்வு 16 சதவீதம் வரை போகும் தெரு அது. 20 நொடிக்கு ஆயிரம் வாட்டுக்கும் மேல் மிதித்தார். அவருடைய மோட்டார் 400 வாட் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 600 வாட்டை 20 நொடிக்குத் தொட்டி கொடுத்திருக்கிறது: 12 கிலோஜூல். அதுவும் 180 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு. புத்துணர்ச்சியோடு ஆயிரம் வாட் மிதிக்கக்கூடியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அத்தனை களைப்புக்குப் பிறகும் தொட்டியில் அவ்வளவு மிச்சம் வைத்திருப்பதுதான் அரிது.

சைக்ளோகிராஸ் பழக்குவது இந்தத் தொட்டியை வடித்து, நிரப்பி, மறுபடி வடிப்பதை. ஒவ்வொரு திருப்பத்திலும் வேகம் குறையும், வெளியே வரும்போது ஐந்து பத்து நொடிக்கு முழு மூச்சில் மிதிக்க வேண்டும், அடுத்த இறக்கத்தில் சில நொடி ஓய்வு, பிறகு மறுபடி. ஒரு மணி நேரம் இப்படியே போகும். ஓய்வு நொடிகளில் இதயத்துடிப்பு இறங்குவதே இல்லை, ஏனென்றால் தொட்டியை நிரப்புவதும் ஆக்சிஜன் செலவாகும் வேலைதான். நொடிப்பொழுதில் சக்தி தரும் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளைத் தசை மறுபடி கட்டியெழுப்ப வேண்டும். சாதகமான நிலையில் அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதி திரும்பிவிடும். தசைக்குள் நுண்குழாய்களும் மைட்டோகாண்டிரியாக்களும் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு வேகமாக அது நடக்கும்.

2021 டூர் தெ பிரான்சின் இரண்டாம் நாளில் இதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. மூர் தெ பிரெத்தாஞ் ஏற்றத்தை அன்று இரண்டு முறை ஏற வேண்டும். வான் டெர் பூல் முதல் முறையே பாய்ந்து, மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும் போனஸ் நொடிகளை எடுத்தார், குழுவோடு சேர்ந்து இளைப்பாறினார், இரண்டாவது முறை மறுபடி பாய்ந்து வென்றார். ஒட்டுமொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையும் கிடைத்தது. டூரில் எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்து மேடை ஏறியும் தாத்தா பூலிதோர் ஒரு நாள்கூட அணியாத சட்டை அது. 2019-இல் அவர் காலமாகிவிட்டார். வான் டெர் பூல் அன்று அழுதார்.

சைக்ளோகிராஸ் ஓட்டினால்தான் கல்பாதையில் வெல்லலாம் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. ரூபேயை நான்கு முறை வென்ற டாம் போனன் சைக்ளோகிராஸால் பெயர் பெற்றவர் அல்ல. இயல்பிலேயே இந்த உடல்வாகும் சமநிலை உணர்வும் உள்ளவர்கள் சேற்றுப் பந்தயத்தை நாடிப் போவதும் உண்டு, அப்போது காரணம் எது விளைவு எது என்று பிரிப்பது கடினம். ஆனாலும் நெதர்லாந்திலிருந்தே இன்னும் இரண்டு பேரைச் சொல்லத் தோன்றுகிறது. 2008-இன் சைக்ளோகிராஸ் உலக சாம்பியன் லார்ஸ் போம், 2014 டூரில் கல்பாதையும் கொட்டும் மழையும் சேர்ந்த அரன்பெர்க் கட்டத்தை வென்றார். மரியான் வோஸ் சைக்ளோகிராஸில் எட்டு உலகப் பட்டங்களும், சாலையில் மூன்றும், 2012 லண்டன் ஒலிம்பிக் சாலைப் பந்தயத் தங்கமும் வென்றவர். என் பார்வையில் வோஸின் கதை வான் டெர் பூலுடையதைவிடப் பெரியது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இந்தத் திறன் எங்கே உதவாது என்பதையும் அதே தொட்டிக் கணக்கு சொல்லிவிடுகிறது. 20 கிலோஜூல் கையிருப்பை 20 நொடியில் கொட்டினால் கூடுதலாக ஆயிரம் வாட் கிடைக்கும். அதையே ஆல்ப்ஸ் மலையின் 40 நிமிட ஏற்றத்தில் பரப்பினால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 8 வாட். அங்கே மோட்டார் மட்டும்தான் பேசும், அதுவும் உடல் எடையால் வகுத்த பிறகு. 75 கிலோ வீரர் 60 சொச்சம் கிலோ வீரரோடு ஏறுவதற்கு 20 சதவீதம் வரை கூடுதல் சக்தி கொடுக்க வேண்டும். அதனால்தான் வான் டெர் பூல் டூரின் ஒட்டுமொத்தப் பட்டத்துக்குக் குறிவைப்பதில்லை. ஆண்டில் அவருடைய முக்கிய நாட்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருகின்றன, ஏற்றங்கள் சில நிமிடத்துக்கு மேல் நீளாத பந்தயங்களில்.