விழுந்த இடம் வேறு, தடுக்கிய இடம் வேறு

கணினி அப்படியே உறைந்து நின்றது. திரையின் அடியில் "கெர்னல் பேனிக் – நாட் சின்க்கிங்" என்று ஒரு வரி. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னல் தன் முடிவை இப்படித்தான் அறிவிக்கிறது. அந்த வரியின் பின்பாதியைப் பலர் கவனிப்பதில்லை. வட்டில் எழுத வேண்டியது மிச்சம் இருந்தாலும் இனி எழுத மாட்டேன் என்பது அதன் பொருள். நினைவகத்தில் எது சரி, எது கெட்டது என்று தனக்கே தெரியாத நிலையில், கெட்டதை வட்டில் எழுதி நல்ல கோப்புகளையும் பாழாக்குவதைவிட நின்றுவிடுவது மேல். இந்த முடிவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மூன்று வாரங்களில் நான்கு முறை இப்படி நடந்தது. நான்கு முறையும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்த நேரம். அந்த வட்டுக்கு மேல் அமரும் ஒரு சிறு டிரைவரை, அதாவது கெர்னலுக்கும் வட்டுக்கும் இடையே நிற்கும் நிரலை, நானே எழுதியிருந்தேன். சந்தேகம் முதலில் அதன் மேல்தான் போனது. ஆனால் கெர்னல் விட்டுச்சென்ற தடயத்தில் என் டிரைவரின் பெயரே இல்லை. விழுந்தது நெட்வொர்க் பகுதி.

படிப்பது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்தப் புதிர் விளங்கும். ஒரு நிரல் கோப்பைக் கேட்டதும், கெர்னல் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி, "தரவை இந்த முகவரியில் கொண்டுவந்து வை" என்று வட்டிடம் சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறது. காத்திருந்தால் கட்டுப்படியாகாது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி வினாடி ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் அதற்குள் இரண்டரைக் கோடி முறை துடித்திருக்கும். தரவை இறக்கி வைத்தபின் வட்டு ஓர் இன்டரப்ட் அனுப்பும். அப்போது பிராசசர் யாருடைய வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் அதை நிறுத்திவிட்டு, "வேலை முடிந்தது" என்று குறித்துக்கொள்ளும்.

பார்சல் வாங்க முகவரி கொடுத்தவர், பார்சல் வருவதற்குள் வீட்டைக் காலி செய்துவிட்டால் என்ன ஆகும்? புதிதாகக் குடிவந்தவர் வீட்டு வாசலில் அது இறங்கும். கெர்னல் விடுவித்த நினைவகத் துண்டை, அதே அளவு கேட்கும் அடுத்தவருக்கே பெரும்பாலும் கொடுக்கிறது. ஆகவே குடிமாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

முதலில் தடயத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நான் கைப்பேசியில் எடுத்த படங்களில் செய்தியின் வால்பகுதி மட்டுமே இருந்தது. விழுந்த கெர்னலை நம்பி எதையும் வட்டில் எழுதச் சொல்ல முடியாது. 2005 முதல் லினக்ஸில் இருக்கும் கேடம்ப் இதற்கு அருமையான வழி வைத்திருக்கிறது. கணினி தொடங்கும்போதே நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அங்கே இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தயாராக வைத்துவிடுகிறோம். முதலாவது விழுந்ததும் இரண்டாவது எழுந்து, விழுந்ததன் நினைவகத்தை அப்படியே கோப்பில் சேமிக்கிறது.

அடுத்த முறை விழுந்தபோது முழுச் செய்தியும் கிடைத்தது. நெட்வொர்க் பகுதி 24 என்ற முகவரியைத் தொட முயன்றிருக்கிறது. அப்படி ஒரு முகவரியில் கெர்னலுக்கு எதுவும் கிடையாது. ஆனால் அந்த 24 வெறும் குப்பையும் அல்ல. ஒரு பொருளின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருந்து, அந்தப் பொருளின் நான்காவது புலத்தை (உள்ளே வரிசையாக இருக்கும் தரவுத் துண்டை) படிக்கப் போனால், முந்தைய மூன்று புலங்களும் எட்டு எட்டு பைட் என்றால், வந்து நிற்பது 24. ஆக, யாரோ முகவரியை அழித்துப் பூஜ்யம் எழுதியிருக்கிறார்கள்.

விடுவித்த நினைவகத்தையெல்லாம் 107 என்ற எண்ணால் நிரப்பும்படி கெர்னலைக் கேட்டுக்கொள்ளலாம். அது ஆங்கிலச் சிறிய எழுத்து 'கே'யின் குறியீட்டு எண். அப்படி ஓடவிட்டபோது, வரி வரியாகக் 'கே' எழுத்துகள்; நடுவே எட்டு இடங்களில் மட்டும் புள்ளிகள். அச்சிட முடியாத பைட்டுகளைப் புள்ளியாகத்தான் காட்டுவார்கள். அந்த எட்டும் பூஜ்யம். என் டிரைவரில் ஒரு கோரிக்கை வெற்றி பெற்றால் எழுதும் எண்ணும் பூஜ்யம்தான், அதுவும் எட்டு பைட். அந்தப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதப்பட்டது தெரிந்தது, எழுதும் கணத்தில் பிடிக்க வேண்டும். 2015இல் லினக்ஸ் 4.0 பதிப்பில் சேர்ந்த கேசான் அதைச் செய்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு பைட் கணக்கு வைத்து, ஒவ்வொரு தொடுதலையும் அந்தக் கணக்கோடு சரிபார்க்கிறது. வேகம் குறையும், நினைவகமும் செலவாகும். ஆனால் அதன் அறிக்கையில் மூன்று தடங்கள் இருக்கும்: தொட்டது யார், அந்த இடத்தை ஒதுக்கியது யார், விடுவித்தது யார். மூன்றிலும் என் டிரைவர். விடுவித்தது, அதில் நான் வைத்திருந்த ஐந்து வினாடிக் கெடு.

நலிந்த இடத்தைப் படிக்கும்போது வட்டு உடனே கைவிடுவதில்லை. சுற்றுக்குச் சுற்று மீண்டும் முயல்கிறது. ஐந்து வினாடி ஆனதும் நான் தோல்வி என்று முடிவு கட்டி நினைவகத்தை விடுவித்துவிட்டேன். அதன் பிறகு வட்டு வெற்றியோடு வந்து நின்றது. (இத்தகைய வட்டுகளுக்கு லினக்ஸ் வழக்கமாகக் கொடுக்கும் கெடு 30 வினாடி.) சோதித்துப் பார்க்க நலிந்த வட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸிலேயே டிஎம்-டிலே என்ற அடுக்கு இருக்கிறது. ஒவ்வொரு படிப்பையும் நாம் சொல்லும் அளவு தாமதப்படுத்தும். ஆறு வினாடி என்று வைத்தேன். வாரக்கணக்கில் கண்ணாமூச்சி காட்டிய வழு, ஒவ்வொரு முறையும் வந்தது.

கெடுவை நீட்டுவது தீர்வாகாது. 31ஆவது வினாடியில் பதில் வரும் வட்டும் இருக்கும். கோரிக்கையைப் பிடித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை வைத்தேன். கெடு முடிந்தால் ஒன்று குறையும். வட்டின் பதில் வந்தால் ஒன்று குறையும். பூஜ்யம் ஆன பிறகே விடுவிப்பு.

தரவு இறங்கும் இடத்தையும் அதே எண்ணிக்கைக்குள் கொண்டுவந்தேன். கேசான் பார்ப்பது கெர்னல் நிரலின் தொடுதல்களை மட்டுமே. வட்டு நேரடியாக நினைவகத்தில் எழுதுவது அதன் கண்ணில் படாது. சாதனங்கள் எந்த முகவரியைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஐஓஎம்எம்யு என்ற வன்பொருள் பல கணினிகளில் உண்டு. ஆனால் இங்கே அந்த முகவரியை வட்டுக்கு முறைப்படி கொடுத்தது கெர்னல்தான். பதில் வரும்வரை அந்த அனுமதி செல்லுபடியாகும். அந்த வாசலில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.