பம்பர் வருவதற்குள் எத்தனை இ.எம்.ஐ.?

ஷோரூமில் நிற்கும் காரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் பார்ப்பதெல்லாம் அது இடித்து நின்ற பிறகுதான். மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர் வேலை அப்படி. ஆனாலும் கார் வாங்குமுன் பலர் எனக்குப் போன் போடுகிறார்கள். கொஞ்ச காலமாக ஒரே மாதிரியான கேள்வி: "ரோட்டுல அதிகம் பார்க்காத பிராண்டு சார். ஓட்டிப் பார்த்தேன், பிரமாதமா இருக்கு. ஆஃபரும் தர்றாங்க. எடுக்கலாமா?"

ஓட்டத்தைப் பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். சிக்கல் ஸ்பேர் ஸ்டோரில் இருக்கிறது.

இரண்டு கார்களுக்கு ஒரே மாதிரி முன்பக்க அடி என்று வையுங்கள். பம்பர், வலது ஹெட்லைட், ஃபெண்டர் போயிற்று. ஒன்று தெருவுக்கு நாலு நிற்கும் மாடல். பாதி சாமான் டீலரிடமே இருக்கும், மீதி ஓரிரு நாளில் வந்துவிடும். டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வண்டி வீடு திரும்பும். இன்னொன்று எப்போதாவது கண்ணில் படும் மாடல். பம்பர் வரும், அதைப் பிடித்து நிறுத்தும் பிராக்கெட் வராது. பிராக்கெட் வந்தால் ஹெட்லைட் 'பேக் ஆர்டர்' என்பார்கள். வொர்க்‌ஷாப்பில் சண்டை போட்டும் பயனில்லை. வருஷத்துக்கு ஒன்றாவது விற்குமா என்று தெரியாத டெயில் லைட்டில் எந்த டீலரும் பணத்தை முடக்க மாட்டார். சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் வேறு கம்பெனி தயாரித்த பாகம் கிடைக்கவும் அந்த மாடல் பல்லாயிரக்கணக்கில் ஓட வேண்டும். இல்லையென்றால் யார் அதற்கு டை, அதாவது அச்சு, செய்து வைப்பார்கள்? புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைக்க, அந்த வண்டி முதலில் உடைப்புக்கு வந்திருக்க வேண்டுமே.

பாலிசி சாமானுக்குப் பணம் தரும். காத்திருக்கும் நாளுக்குத் தராது. வண்டி நிற்கும் நாளுக்குப் பணம் தரும் தினப்படி ஆட்-ஆனைத் தனியாக எடுத்திருந்தாலும் அதற்கு நாள் வரம்பு உண்டு. வண்டி வொர்க்‌ஷாப்பில் தூசி படிந்து நிற்கும்போதும் பேங்க் தேதி தவறாமல் இ.எம்.ஐ. எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு கணக்கைப் பலரும் கவனிப்பதில்லை. காரின் ஐ.டி.வி., அதாவது வண்டி முழுதாகப் போனால் கணக்கில் கொள்ளும் காப்பீட்டு மதிப்பு, முதல் 5 ஆண்டுகளுக்கு ஒரு தேய்மான அட்டவணைப்படி குறைகிறது: ஓராண்டு தாண்டினால் 20 சதவீதம், நாலாண்டு தாண்டினால் 50 சதவீதம். அதுவரை எந்த பிராண்டானாலும் ஒரே அட்டவணைதான். 5 ஆண்டு கடந்தாலோ, கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டாலோ, ஐ.டி.வி.யை நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்போது சந்தை விலை உள்ளே வந்துவிடுகிறது. கேட்பாரற்ற மாடலின் மதிப்பு சரிந்துவிடும், ஆனால் அதன் ஹெட்லைட் விலை சரியாது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கணக்கில் அது 'டோட்டல் லாஸ்'. வேறு மாடலாக இருந்தால் சரிசெய்து ஓட்டக்கூடிய அடிக்கே வண்டியை விட்டுக்கொடுக்க வேண்டி வரும்.

இப்போது அதிகம் கேட்கப்படும் பெயர் பிரெஞ்சு பிராண்டான சிட்ரோன். 2021-ல் சி5 ஏர்கிராஸ் என்ற விலை உயர்ந்த எஸ்.யூ.வி.யோடு இந்தியாவுக்கு வந்தது. 2022-ல் சி3, 2023-ல் சி3 ஏர்கிராஸ், 2024-ல் பசால்ட். கார்கள் தயாராவது திருவள்ளூரில், ஒரு காலத்தில் மிட்சுபிஷி லான்சர் உருவான அதே ஆலையில். மேடு பள்ளத்தை அந்த சஸ்பென்ஷன் விழுங்கும் அழகை நானே பின்சீட்டில் உட்கார்ந்து அனுபவித்திருக்கிறேன். தோனியை விளம்பரத்துக்கும் பிடித்தார்கள். இருந்தும் 2024-ல் பல மாதங்களில் விற்பனை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அதே ஆண்டு, சி3-யோடு நேரடியாக மோதும் டாடா பஞ்ச் 2 லட்சத்துக்கு மேல் விற்று நாட்டிலேயே முதலிடம் பிடித்தது.

என் பார்வையில் காரணம் சஸ்பென்ஷனுக்கு அப்பால் இருக்கிறது. சி3 வந்தபோது ஆட்டோமேட்டிக் கியர் இல்லை, சைடு மிரரை உள்ளிருந்து ஸ்விட்சில் திருப்ப முடியாது, பின்பக்க வைப்பர் கிடையாது. விலையோ போட்டியாளர்களுக்குப் பக்கத்தில். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள், 6 ஏர்பேக் உட்பட. அதற்குள் முதல் அபிப்பிராயம் உறைந்துவிட்டது. இ-சி3 மின்சாரக் காருக்கு 2024 மார்ச்சில், கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரம் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. அதே ஆண்டு பசால்ட் நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப்பில் 4 நட்சத்திரம் வாங்கியதை எத்தனை பேர் கேள்விப்பட்டார்கள்?

வரியும் உதவவில்லை. 4 மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், நீளம் அதைத் தாண்டினால் 40. சி3 உள்ளே வருகிறது. கூரை பின்பக்கம் சரிந்திறங்கும் பசால்ட் 4.35 மீட்டர். இன்ஜின் அதே 1.2 லிட்டர் என்றாலும் வரி 40. சரிந்த கூரைதான் வேண்டும் என்பவர் 4 மீட்டருக்குள் இருக்கும் மாருதி ஃபிராங்க்ஸ் பக்கம் போய்விடுகிறார்.

முடியவே முடியாது என்று சொல்லவில்லை. 2001 முதல் இங்கிருக்கும் ஸ்கோடா, கைலாக் எஸ்.யூ.வி.யை 4 மீட்டருக்குள் அடக்கி 8 லட்சத்துக்குக் கீழே ஆரம்ப விலை வைத்ததும் 2025-ல் அந்தக் கம்பெனியின் மொத்த விற்பனை இரட்டிப்பானது. அதற்கு ஏற்கெனவே டீலர்கள் இருந்தார்கள். ஃபோக்ஸ்வாகனோடு பகிரும் இன்ஜினும் இருந்தது. சிட்ரோனும் 2025-ல் மையங்களைப் பெருக்குவதாக அறிவித்திருக்கிறது. திறப்பு விழாக்கள் நடக்கட்டும். அங்கே ஸ்டோரில் என்ன வைக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். தூத்துக்குடியில் ஆலை திறந்திருக்கும் வியட்நாம் மின்சாரக் கார் கம்பெனி வின்ஃபாஸ்ட்டுக்கும் இதுவேதான். ஆலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் உங்கள் ஊர் வொர்க்‌ஷாப்புக்குப் பாகம் வந்துவிடாது.

கம்பெனியே விற்பனையை நிறுத்திவிட்டால் பாகம் பற்றிய கவலை இன்னும் பெரிது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டின் கடைசிக் கார் 2022-ல் மறைமலைநகரை விட்டு வெளியேறியது; டாட்சனும் அதே ஆண்டு போயிற்று. ஃபியட் புன்ட்டோ வைத்திருந்தவர்களின் கதை வேறு மாதிரி. அதன் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஸ்விஃப்டிலும் ஓடியதால் இன்ஜின் சாமானுக்குப் பஞ்சமில்லை, மெக்கானிக்குகளுக்கும் கை பழகிய இன்ஜின். ஹெட்லைட்டுக்குத்தான் அலைந்தார்கள்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: புக்கிங்குக்கு முன் ஷோரூமை விட்டு இறங்கி வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள். முன் பம்பர், ஹெட்லைட், முன்கண்ணாடி மூன்றும் ஸ்டோரில் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாள், என்ன விலை என்று கேளுங்கள். அங்கே பாகத்துக்காக நிற்கும் வண்டியின் ஓனர் யாராவது கண்ணில் பட்டால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். மனசு அதற்குப் பிறகும் அந்தக் காரிலேயே இருந்தால் தாராளமாக எடுங்கள். எட்டு வருஷம் நீங்களே ஓட்டுவதாக இருந்தால் ரீசேல் கவலை பெரிதில்லை. முதல் நாளே ஜீரோ டெப், அதாவது பாகத்துக்குத் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன், போட்டுவிடுங்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகத்துக்கு, வண்டி எவ்வளவு புதிதானாலும், பாதி விலை உங்கள் கையிலிருந்து போகும். இன்றைய கார்களில் பம்பர் முழுக்க பிளாஸ்டிக்தான்.