40 வருஷப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு டேக்ஸ் இல்ல, எம்ஓடி இல்ல: அந்தச் சலுகைய எப்படி வாங்குறது, எங்க சிக்கும்

பிரிட்டன்ல முதல்முறையா ஒரு எம்ஜிபியோ ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரோ வாங்கப் போறவங்ககிட்ட விக்கிறவர் மொதல்ல சொல்றது இதான்: "ரோட் டேக்ஸ் கிடையாது, எம்ஓடி கிடையாது, எடுத்துட்டுப் போய் ஓட்ட வேண்டியதுதான்". எம்ஓடின்னா வருஷா வருஷம் வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு பாக்குற டெஸ்ட். சலுகை உண்மைதான், நல்ல சலுகைதான், ஆனா காருக்கு வயசாச்சுங்கறதுக்காக அது தானா வந்து சேராது. நீங்க கேட்டு வாங்கணும், வாங்கினப்புறமும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அதை விட்டுட்டா ஒரு பைசா டேக்ஸ் கட்டத் தேவையில்லாத காருக்கே 80 பவுண்ட் அபராதம்னு, வண்டி ரெஜிஸ்ட்ரேஷனும் டேக்ஸும் பாக்குற அரசாங்க அமைப்பான டிவிஎல்ஏகிட்டருந்து லெட்டர் வரும்.

மொதல்ல டேக்ஸ். ஹிஸ்டாரிக் வெஹிக்கிள்னு ஒரு டேக்ஸ் கிளாஸ் இருக்கு, அதுல வந்துட்டா கட்ட வேண்டியது ஜீரோ. கார் செஞ்சு 40 வருஷம் முடிஞ்சிருக்கணும், கணக்கு வருஷா வருஷம் ஏப்ரல் 1ம் தேதி ஒரு வருஷம் நகரும். 1985 ஜனவரி 1க்கு முன்னாடி செஞ்ச கார்களுக்கு 2025 ஏப்ரல் 1லருந்து டேக்ஸ் இல்ல, 1986 ஜனவரி 1க்கு முன்னாடி செஞ்சதுக்கு 2026 ஏப்ரல் 1லருந்து இல்ல. இந்த நகர்ற கணக்கு எப்பவும் இருந்ததில்ல. 90கள்ல 25 வருஷம்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் அதை 1973 ஜனவரி 1ங்கற தேதியிலயே உறைய வெச்சிட்டாங்க, 1973ல செஞ்ச காரை வெச்சிருந்தவங்க வருஷக்கணக்கா அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னாங்க, 2014க்கு அப்புறம்தான் 40 வருஷம்னு திரும்பவும் நகர ஆரம்பிச்சுது.

எம்ஜிபி 1962லருந்து 1980 வரைக்கும்தான் வந்துச்சு, அபிங்டன் ஃபேக்டரிய 1980 அக்டோபர்ல மூடிட்டாங்க. ஸ்பிட்ஃபயரும் 1980ல முடிஞ்சுது, ட்ரையம்ஃப் டிஆர்6 1976ல, ஜாகுவார் இ-டைப் அதுக்கும் முன்னாடி. இவங்க எல்லாருக்கும் வயசு தாண்டிப்போச்சு, தேதிய நினைச்சு கவலையே வேணாம். இப்ப கோட்டுக்கிட்ட நிக்கிறது 80கள்ல வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ், லோட்டஸ் எஸ்ப்ரிட், மார்கன், டிவிஆர் மாதிரி கார்கள். இதுல ஒண்ணு வாங்குறீங்கன்னா தேதி நெஜமாவே காசு, ஏன்னா 2025-26 கணக்குப்படி 1549 சிசிக்கு மேல உள்ள பழைய காருக்கு வருஷம் 360 பவுண்ட் டேக்ஸ்.

இங்க நிறைய பேர் கோட்டை விடுற விஷயம், டேக்ஸுக்குப் பாக்குறது கார் செஞ்ச தேதிய, லாக்புக்ல, அதாவது வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல இருக்குற முதல் ரெஜிஸ்ட்ரேஷன் தேதிய இல்ல. 1984 நவம்பர்ல ஃபேக்டரிய விட்டு வந்த கார் ஷோரூம்லயே கிடந்து 1985 ஏப்ரல்ல ரெஜிஸ்டர் ஆயிருக்கலாம், அப்படின்னா அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே சலுகை உண்டு. செஞ்ச தேதி தெரியலன்னா, வருஷத்தோட முதல் வாரத்துல, அதாவது ஜனவரி 8க்கு முன்னாடி ரெஜிஸ்டர் ஆன கார முந்தின வருஷத்துக் கார்னு எடுத்துக்குவாங்க. மத்தபடி தேதிய நிரூபிக்க பேப்பர் வேணும். எம்ஜி, ட்ரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி மாதிரி கார்களுக்கு கேடன்ல இருக்குற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் ஃபேக்டரி லெட்ஜரப் பாத்து ஹெரிடேஜ் சர்ட்டிஃபிகேட் குடுக்குறாங்க, ஜாகுவாருக்கு ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட். காசு கேப்பாங்கதான், ஆனா டேக்ஸ் வேலை இல்லன்னாலும் இதை வாங்கி வெச்சிடுங்கன்னுதான் சொல்லுவேன். கார் எந்தக் கலர்ல எந்த ஊருக்குப் போச்சு, எந்த இன்ஜின் நம்பரோட போச்சுன்னு அதுலயே வந்துடும், விக்கிறவர் சொன்ன கதை எவ்ளோ நிஜம்னு அப்ப தெரிஞ்சிடும். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்த காருக்கு இது இன்னும் முக்கியம், எம்ஜிபியும் டிஆர்6ம் அங்கதான் அதிகமா போச்சு, அந்தக் காரோட லாக்புக்ல பிரிட்டன் ரெஜிஸ்ட்ரேஷன் தேதி ரொம்பப் பிந்தி இருக்கும்.

கிளாஸ் மாத்துறது போஸ்ட் ஆபீஸ்ல. எல்லா போஸ்ட் ஆபீஸும் இதைச் செய்யாது, வண்டி டேக்ஸ் பாக்குற கிளையான்னு கேட்டுட்டுப் போங்க. உங்க பேர்ல இருக்குற லாக்புக், அதாவது வி5சி, டேக்ஸுக்கு விண்ணப்பிக்கிற வி10 ஃபார்ம், அப்புறம் செல்லுபடியாகுற எம்ஓடி சர்ட்டிஃபிகேட், எம்ஓடி தேவையில்லாத கார்னா அதுக்குப் பதிலா வி112ங்கற உறுதிமொழி ஃபார்ம். லாக்புக் டிவிஎல்ஏவுக்குப் போய் ஹிஸ்டாரிக்னு மாறி வரும். ஒரு தடவை மாத்தினா போதும், அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஆன்லைன்லயே ஜீரோ பவுண்ட் டேக்ஸ் போட்டுக்கலாம், ஆனா போட்டே ஆகணும், ஜீரோன்னு விட்டுடக் கூடாது.

வாங்குற அன்னிக்கு நடக்குற தப்பு ஒண்ணு. 2014 அக்டோபர் 1லருந்து பேப்பர் டேக்ஸ் டிஸ்க் இல்ல, அதோட பழைய ஓனர் போட்ட டேக்ஸும் கார் கை மாறினதும் செத்துடும். கார் ஏற்கனவே ஹிஸ்டாரிக் கிளாஸ்ல இருந்தாலும் இதே விதிதான். அதனால அவர் வீட்டு வாசல்லருந்து கிளம்புறதுக்கு முன்னாடி, வி5சியில கிழிச்சுக் குடுக்குற பச்சை சீட்டுல இருக்குற 12 இலக்க நம்பர வெச்சு உங்க பேர்ல டேக்ஸ் போட்டுடுங்க, போன்லயே முடியும். இன்ஷூரன்ஸும் அதுக்கு முன்னாடியே ஓடிட்டிருக்கணும். லாக்புக் தொலைஞ்சுபோச்சுங்க, நீங்களே புது லாக்புக் கேக்குற வி62 ஃபார்ம் போட்டு 25 பவுண்ட் கட்டி வாங்கிக்கோங்கன்னு விக்கிறவர் சொன்னா, அப்படி வாங்க வழி இருக்குதான், ஆனா பேப்பர் கைக்கு வராம நான் பணம் குடுக்க மாட்டேன். அவரே வாங்கி வெச்சுட்டுக் கூப்பிடட்டும், திருட்டு வண்டியா இல்ல ரெண்டு வண்டிய ஒட்டின வண்டியான்னு அப்புறமா தெரியறதுல பிரயோஜனம் இல்ல.

இனி எம்ஓடி. 2018 மே 20லருந்து, 40 வருஷத்துக்கு மேல ஆன காருக்கு வருஷாந்திர எம்ஓடி டெஸ்ட் கட்டாயம் இல்ல, ஆனா கடைசி 30 வருஷத்துல பெரிய மாற்றம் எதுவும் செஞ்சிருக்கக் கூடாதுங்கறது நிபந்தனை. டேக்ஸும் எம்ஓடியும் ஒரே நாள்ல வராதுங்கறத கவனிங்க, டேக்ஸ் ஏப்ரல் 1க்குக் காத்திருக்கும், எம்ஓடிக்கு அந்தக் காத்திருப்பு இல்ல, 40 வருஷம் முடிஞ்ச நாளோட கணக்கு முடிஞ்சுது.

பெரிய மாற்றம்னா என்ன? சேசிஸ், பாடி, ஆக்ஸில், இன்ஜின் இதுகள கார் வேலை செய்யற விதமே மாறுற மாதிரி மாத்துறது. 4 சிலிண்டர் ஸ்பிட்ஃபயர்ல வி8 இன்ஜின் வெச்சிருந்தா சலுகை போச்சு, அதே சைஸ் அதே வகை இன்ஜின புதுசா போட்டிருந்தா ஒண்ணும் ஆகாது. பழைய பார்ட் கிடைக்காததால வேற போட்டது, பிரேக்கையோ சஸ்பென்ஷனையோ பாதுகாப்புக்காக மேம்படுத்தினது இதெல்லாமும் பெரிய மாற்றம் இல்ல. அந்தக் காலத்துலயே, அதாவது அந்த மாடல் வந்துட்டிருந்தப்பவோ நின்னு 10 வருஷத்துக்குள்ளயோ வழக்கமா செஞ்ச மாற்றம்னாலும் ஏத்துக்குவாங்க. முடிவு சொல்ற பொறுப்பு உங்க மேலதான், வி112ல கையெழுத்து நீங்கதான் போடறீங்க. முந்தின ஓனர் 15 வருஷத்துக்கு முன்னாடி என்ன பண்ணினார்னு தெரியாம கையெழுத்து போடாதீங்க, சந்தேகம்னா அந்தந்த கார் கிளப்ல ஆள் இருப்பாங்க, கேளுங்க, இல்லன்னா பேசாம எம்ஓடி எடுத்துடுங்க.

நான் என்ன சொல்லுவேன்னா, சலுகை இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை எம்ஓடி எடுங்க. அதிகபட்ச ஃபீஸே 54.85 பவுண்ட்தான். எம்ஜிபில கதவுக்குக் கீழ ஓடுற சில் வெறும் அலங்காரம் இல்ல, தனி சேசிஸ் இல்லாத கார் அது, அந்த சில்தான் காரோட முதுகெலும்பு, உள்பக்கம் துரு தின்னு வெளியில பளபளன்னு பெயின்ட் அடிச்சிருந்தா நீங்க தரையில குனிஞ்சு பாத்தாலும் தெரியாது, லிஃப்ட்ல ஏத்தி ஒருத்தர் அடியில நின்னு பாக்கணும். டிஆர்6க்கு தனி சேசிஸ் இருக்கு, ஆனா பின் சஸ்பென்ஷன் மாட்டியிருக்குற இடத்துல அந்த சேசிஸே துரு புடிக்கும். பிரேக் பைப், ரப்பர் ஹோஸ், ஸ்டியரிங் ஜாயின்ட் இதெல்லாம் ஓட்டாம நிக்கிற கார்லதான் சத்தமே இல்லாம கெட்டுப்போகும். டெஸ்ட் பழைய காருக்கு ஓரவஞ்சனை பண்றதும் இல்ல, 1975 ஆகஸ்ட்டுக்கு முன்னாடி வந்த காருக்கு புகைய கண்ணால பாக்குறதோட சரி, மெஷின் வெச்சு அளக்க மாட்டாங்க. எம்ஓடி தேவையில்லங்கறதால கார் எப்படி வேணா இருக்கலாம்னு அர்த்தம் இல்லங்க, ஆபத்தான நிலைமையில ஓட்டினா 2,500 பவுண்ட் வரைக்கும் அபராதம், லைசென்ஸ்ல 3 பெனால்டி பாயின்ட், ஓட்டவே தடை போடறதுக்கும் சட்டத்துல இடம் இருக்கு. வாங்குறதுக்கு முன்னாடியும் அந்தக் காரோட பழைய எம்ஓடி ரிசல்ட் எல்லாத்தையும் அரசாங்க சைட்ல நம்பர் போட்டு இலவசமா பாருங்க, 2005லருந்து இருக்கும். கடைசி டெஸ்ட் 2017ன்னு இருந்தா, அதுக்கப்புறம் அந்தக் கார யாரும் அடியில பாக்கலன்னு வெச்சுக்கிட்டு விலை பேசுங்க.

ரெஸ்டோர் பண்ற எண்ணம் இருந்தா இன்னொரு விதி. 2025 ஆகஸ்ட் 26லருந்து டிவிஎல்ஏ நடைமுறைய மாத்தியிருக்காங்க: இருந்தது மாதிரியே ரிப்பேர் பண்ணி, தோற்றமும் லாக்புக் விவரமும் மாறலன்னா சொல்லத் தேவையில்ல, கட்டமைப்பையே வெட்டி மாத்தினா கண்டிப்பா சொல்லணும். வெல்டிங் வேலைக்கு முன்னாடி, நடுவுல, பின்னாடின்னு போட்டோ எடுத்து பில்லோட வைங்க, நாளைக்கு கேள்வி வந்தா அதுதான் பேசும்.

லண்டன்ல இருக்குறவங்களுக்கு யுலெஸ், அதாவது புகை அதிகமா விடுற வண்டிக்குக் காசு வாங்குற மண்டலம், பெரிய விஷயம். 2023 ஆகஸ்ட் 29லருந்து லண்டனோட எல்லா பரோவுக்கும், அதாவது எல்லா உள்ளாட்சிப் பகுதிக்கும் வந்துடுச்சு, ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங்னு நம்ம ஆளுங்க இருக்குற இடம் எல்லாம் உள்ளதான், தகுதி இல்லாத வண்டிக்கு ஓட்டுற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். ஹிஸ்டாரிக் கிளாஸ்ல இருக்குற காருக்கு இது கிடையாது, அதுக்கு லாக்புக்ல கிளாஸ் மாறியிருக்கணும், வயசு மட்டும் போதாது. நடு லண்டனுக்குள்ள ஓட்டுறதுக்கு வாங்குற கஞ்செஷன் சார்ஜ் வேற, அதுக்கு பழைய கார்ங்கற சலுகை இல்ல, கட்டித்தான் ஆகணும்.

ஹிஸ்டாரிக் கிளாஸுக்கு ஒரு தடுப்பு உண்டு, காரை வெச்சு சம்பாதிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கார்னு வாடகைக்கு விட்டா அது தொழில், ஹிஸ்டாரிக் கிளாஸ் செல்லாது. சொந்தக்காரப் பொண்ணு கல்யாணத்துக்கு காசு வாங்காம ஓட்டிட்டுப் போனா பிரச்சனை இல்ல.

குழந்தைங்க இருக்குற வீட்டுக்காரங்க இதை வாங்குறதுக்கு முன்னாடியே படிங்க. ஃபேக்டரிலயே சீட் பெல்ட் இல்லாம வந்த கார்ல பெல்ட் இல்லாமலே ஓட்டலாம், ஆனா 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைய அதுல ஏத்தவே கூடாது, 3 வயசுக்கு மேலன்னா பின்சீட்ல மட்டும்தான். ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்ல பின்சீட் ஏது, ஆக பெல்ட் இல்லாத ரெண்டு சீட் கார்ல பிள்ளைங்களுக்கு இடமே இல்ல. பெல்ட் மாட்டிக்கலாமேன்னா மாட்டலாம், ஆனா சரியான மவுன்ட்டிங் பாயின்ட்ல தெரிஞ்சவங்க கையால மாட்டணும், துருப் பிடிச்ச தகட்டுல மாட்டின பெல்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கருப்பு நம்பர் பிளேட் ஆசை பல பேருக்கு உண்டு. 1980 ஜனவரி 1க்கு முன்னாடி செஞ்சிருக்கணும், ஹிஸ்டாரிக் கிளாஸ்ல இருக்கணும், ரெண்டும் சேந்தாதான் சரி.

பெட்ரோல் பங்க்ல சாதா பெட்ரோல் இப்ப ஈ10, 2021 செப்டம்பர்லருந்து, 10 சதவீதம் வரைக்கும் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸையும் கார்புரேட்டர் சீலையும் அது அரிக்கும், சூப்பர் கிரேட்ல இருக்குற ஈ5 போடுங்க. ஈயம் கலந்த பெட்ரோல் 1999 முடிவோட கடையிலருந்து போயிடுச்சு, உங்க இன்ஜின் ஹெட்ல கடினமான வால்வ் சீட் போட்டிருக்கான்னு விக்கிறவர்கிட்ட கேளுங்க, போடலன்னா டேங்க்ல ஊத்துற அடிட்டிவ் ஒண்ணு தேவைப்படும்.

இன்ஷூரன்ஸ் கிளாசிக் கார் பாலிசியா எடுங்க, முக்கியமா அக்ரீட் வேல்யூ, அதாவது இந்தக் காருக்கு இவ்ளோன்னு முன்னாடியே பேசி எழுதிக்கிறது. இல்லன்னா ஆக்சிடென்ட் ஆனதும் பழைய கார்தானேன்னு அவங்க ஒரு விலை சொல்வாங்க, வெல்டிங்குக்கு நீங்க போட்ட காசு அதுல தெரியாது. மைல் கணக்கு கம்மியா வெச்சா ப்ரீமியமும் குறையும்.

குளிர்காலத்துல ரோட்ல உப்பு போடுவாங்க, துருவுக்கு அது விருந்து, நிறைய பேர் நவம்பர்லருந்து மார்ச் வரைக்கும் காரை கராஜ்லயே வெச்சிடுறாங்க. அப்படி வெக்கிறப்ப இன்ஷூரன்ஸ நிறுத்தணும்னா மொதல்ல சார்ன் போடுங்க, ரோட்ல இல்லங்கற அறிவிப்பு அது, ஆன்லைன்ல இலவசம். சார்ன் போடாம இன்ஷூரன்ஸ மட்டும் நிறுத்தினா, கார் கராஜ்ல கவர் போட்டு நின்னாலும் குத்தம்தான். சார்ன் போட்ட காரை வீட்டுக்கு வெளிய தெருவுல நிறுத்தக் கூடாது, முன்கூட்டியே புக் பண்ணின எம்ஓடிக்குப் போறதுக்கு மட்டும் ரோட்டுக்கு எடுக்கலாம், அதுக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கணும். மார்ச் கடைசியில ஒரு எம்ஓடி புக் பண்ணி, அன்னிக்கே இன்ஷூரன்ஸ ஆரம்பிச்சு, பாஸ் ஆனதும் ஜீரோ டேக்ஸ் போட்டுட்டீங்கன்னா சார்ன் தானா ரத்தாயிடும்.