உள்ளூர் ஃபங்ஷன் வேஷம் போடும் ஆர்பிசி

ஒரு பெரிய செயலியை மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியே ஓடும் சிறு சர்வீஸ்களாக, உடைத்ததும், நேற்று வரை ஒரே புரோகிராமுக்குள் இருந்த ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டு) வேறொரு கம்ப்யூட்டரில், சில சமயம் வேறொரு மொழியில் எழுதப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதை எப்படி அழைப்பது? "பக்கத்தில் இருப்பது மாதிரியே அழை, நெட்வொர்க் சமாசாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறது ஆர்பிசி (ரிமோட் புரொசீஜர் கால், தொலைவில் இருக்கும் ஃபங்ஷனை அழைக்கும் முறை).

யோசனை பழையதுதான். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் பிரெல், நெல்சன் இருவரும் 1984இல் எழுதிய கட்டுரையிலேயே இதன் எலும்புக்கூடு முழுசாக இருக்கிறது. நீங்கள் அழைப்பது உண்மையான ஃபங்ஷனை அல்ல, அதே பெயரில் உட்கார்ந்திருக்கும் ஸ்டப் என்ற பொம்மையை. அது நீங்கள் கொடுத்த மதிப்புகளை பைட்டுகளாகக் கட்டி அனுப்பும், மறுமுனையில் இன்னொரு ஸ்டப் கட்டைப் பிரித்து நிஜ ஃபங்ஷனை ஓட்டி, விடையை அதே வழியில் திருப்பி அனுப்பும்.

இந்த ஸ்டப்பை யாரும் கையால் எழுதுவதில்லை. கூகுள் 2015இல் வெளியிட்டு, 2017இல் சிஎன்சிஎஃப் என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் கீழ் வந்த ஜிஆர்பிசி என்ற ஆர்பிசி ஃபிரேம்வொர்க்கில், சர்வீஸ் என்ன வாங்கும் என்ன தரும் என்பதை ஒரு புரோட்டோ ஃபைலில் எழுதினால் போதும், கோ, ஜாவா, பைதான் என்று வேண்டிய மொழியில் கோடு தானாக வந்துவிடும். அனுப்பும்போது புலத்தின் (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒதுக்கிய இடத்தின்) பெயர் போகாது, அதற்குக் கொடுத்த எண்தான் போகும். முதல் புலத்தில் 150 என்ற எண்ணை அனுப்ப 3 பைட் போதும். அதையே ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் ஓரெழுத்துப் பெயர் வைத்து எழுதினாலும் 9 பைட் ஆகிறது. எண் மட்டுமே போவதால்தான் ஒருமுறை கொடுத்த புல எண்ணை மாற்றவே கூடாது, பெயரை மாற்றினால்கூட சமாளிக்கலாம். போக்குவரத்துக்கு, வலைத்தளங்களும் பயன்படுத்தும் எச்டிடிபி/2 நெறிமுறை; ஒரே இணைப்பில் பல அழைப்புகள் ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் கலந்து போகும்.

சரி, இதெல்லாம் சுகமான பகுதி. உள்ளூர் ஃபங்ஷன் ஒன்று விடை தரும், இல்லையென்றால் எர்ரர் தரும், ஆனால் தொலைவில் இருப்பது ஒன்றுமே சொல்லாமலும் போகலாம். கோரிக்கை போய்ச் சேரவில்லையா, வேலை முடிந்து விடை மட்டும் தொலைந்ததா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? அழைத்தவருக்குத் தெரிய வழியே இல்லை. கணக்கில் பணம் கழிக்கும் சர்வீஸாக இருந்து, நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பினால், இரண்டு முறை கழிந்துவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே பார்த்த எண் என்றால் பழைய விடையையே திருப்பித் தரும்படி சர்வீஸை எழுத வேண்டும். ஜிஆர்பிசி அதை உங்களுக்காகச் செய்து தராது.

அப்புறம் கெடு, அதாவது விடைக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு. ஜிஆர்பிசியில் நீங்கள் கெடு வைக்காவிட்டால் அழைப்பு காத்துக்கொண்டே கிடக்கலாம், இயல்பாக ஒன்றும் கிடையாது. வைத்தால் அதைச் சங்கிலியாகக் கடத்தலாம்: 2 விநாடிக் கெடுவில் அரை விநாடியை முதல் சர்வீஸ் தின்றுவிட்டால், அடுத்ததற்கு ஒன்றரைதான் மிச்சம். முதலில் கேட்டவரே கிளம்பிப் போன பிறகு பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் வீணாக உழைத்துக்கொண்டிருப்பதை இது தடுக்கிறது. என்னைக் கேட்டால் இந்த ஃபிரேம்வொர்க்கில் வேகத்தைவிட மதிப்பான விஷயம் இதுதான்.

பல கம்ப்யூட்டர்களில் சர்வீஸ்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. அதில் பாட் என்பது உங்கள் சர்வீஸின் ஓடும் ஒரு பிரதி, பாட்களுக்கு முன்னால் நின்று சுமையைப் பிரிக்கும் வாசலுக்கும் 'சர்வீஸ்' என்றே பெயர். அதன் சாதாரண வகை சுமையைப் பிரிப்பது இணைப்பு வாரியாக, அழைப்பு வாரியாக அல்ல. ஜிஆர்பிசியோ ஒரே இணைப்பைத் திறந்து மணிக்கணக்கில் வைத்திருக்கும், ஆகவே எல்லா அழைப்பும் ஒரே பாடின் தலையில் விழும், புதிதாக ஏற்றிய பாட்கள் சும்மா உட்கார்ந்திருக்கும். எல்லாப் பாட்களின் முகவரியையும் நேரடியாகத் தரும் ஹெட்லெஸ் சர்வீஸ் வைத்து, அழைக்கும் பக்கமான கிளையன்ட்டையே மாற்றி மாற்றி அனுப்பச் சொல்லலாம், அல்லது என்வாய், லிங்கர்டி மாதிரி அழைப்பு மட்டத்தில் பிரிக்கத் தெரிந்த புராக்ஸியை (இடைத்தரகு புரோகிராமை) நடுவில் வைக்கலாம். முதல் வழியில் போனால் சர்வர் பக்கம் இணைப்பின் ஆயுளுக்கும் ஒரு வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் புதிய பாட்கள் வந்தது கிளையன்ட்டுக்குத் தெரியாமலே போகலாம்.